தவளைக்கு எதுக்குங்க விலாசம்?

மக்களே, ரெண்டு மாசமா கடையைத் திறக்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரு ரிலீஸ் முடியறதுக்குள்ள அடுத்த ரிலீஸ், நடுவுல டேமேஜர் வேற "ஒரே ஒரு சின்ன சேஞ்ச்தான்"னு சிரிச்சுக்கிட்டே வந்து நிப்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுத நினைச்ச விஷயத்துல என் தப்பும் இருக்கு. ஊரைத் திட்டி எழுதறதுன்னா ராத்திரியே உக்காந்து தட்டிடலாம். நம்மளையும் சேர்த்துத் திட்டணும்னா தூக்கம் தூக்கமா வருது :)

விஷயம் தவளையைப் பத்தி. அதுக்கு முன்னாடி ஜியோகேச்சிங் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடுங்க.

2000-ம் வருஷம் மே மாசம் வரைக்கும் ஜி.பி.எஸ் சிக்னல்ல அமெரிக்க ராணுவம் வேணும்னே ஒரு பிழையைக் கலந்து விட்டுக்கிட்டு இருந்துச்சு. நம்ம மாதிரி பொதுஜனத்துக்குக் கிடைக்கற இடக்குறிப்பு நூறு மீட்டர் வரைக்கும் கூடத் தள்ளிப் போகும். அந்த மாசத் தொடக்கத்துல பிழையை நிறுத்தினாங்க. நிறுத்தின ஒண்ணு ரெண்டு நாள்லயே ஒரேகன் மாநிலத்துல டேவ் அல்மர்னு ஒரு கம்ப்யூட்டர் ஆசாமி, ஒரு பக்கெட்டைக் காட்டோரமா பாதி புதைச்சு வச்சு, அதோட அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போட்டுட்டார். "முடிஞ்சா கண்டுபிடிங்க, கண்டுபிடிச்சா ஏதாவது எடுத்துக்கிட்டு ஏதாவது வையுங்க"ங்கறதுதான் ஆட்டம். பக்கெட்டுக்குள்ள ஒரு டப்பா பீன்ஸ் எல்லாம் இருந்துச்சாம். அந்தப் பைத்தியக்காரத்தனம் இன்னிக்கு உலகம் பூரா லட்சக்கணக்கான டப்பாவா பெருகிக் கிடக்கு. உள்ள ஒரு சின்ன நோட்டு இருக்கும். தேதி போட்டுப் பேரெழுதிட்டு, இருந்த இடத்துலயே திருப்பி வச்சிடணும். முதல்ல கண்டுபிடிச்சவனுக்கு ஒரு தனி கெத்து. ஆட்டம் தெரியாத வழிப்போக்கர்களுக்கு "மகிள்"னு பேரு, ஹாரி பாட்டர்ல இருந்து சுட்டது. (முதல் பக்கெட்டே பாதி புதைச்சதுதான். இப்ப இருக்கற விதியில புதைக்கவே கூடாது. எல்லாத் துறையிலயும் முன்னோர்கள் இப்படித்தான் போல.)

நான் சிட்னிக்கு வந்த புதுசுல வார இறுதியில போரடிச்சு ஆரம்பிச்சது இது. செலவில்ல, நடந்த மாதிரியும் ஆச்சு, ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு. இது வரைக்கும் முன்னூத்திச் சொச்சம் டப்பா. பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைதான்.

இப்ப தவளை. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஆர்வலர் புதுசா ஒரு தொடர் வச்சார். எட்டு டப்பா, ஒவ்வொண்ணுக்கும் அழிஞ்சுக்கிட்டு இருக்கற ஒரு ஆஸ்திரேலியத் தவளையோட பேரு. நேரா இடத்தைச் சொல்ல மாட்டார். அந்தத் தவளையைப் பத்தி ஒரு குறிப்பும் சில கேள்விகளும் இருக்கும். பதில்ல வர்ற எண்களைச் சேர்த்தாத்தான் இடக்குறிப்போட கடைசி இலக்கங்கள் கிடைக்கும். நல்லா உழைச்சிருந்தார், சும்மா சொல்லக் கூடாது. தவளைன்னா பச்சையா இருக்கும், மழைக்குக் கத்தும்ங்கறதுக்கு மேல எதுவும் தெரியாத என்னை நாலு ராத்திரி உக்கார வச்சுப் படிக்க வச்சார்.

உதாரணத்துக்கு, இரைப்பையில குஞ்சு வளர்க்கற தவளை. குவீன்ஸ்லாந்து மலையோடைகள்ல இருந்துச்சு. தாய்த்தவளை முட்டையை முழுங்கிடும். வயித்துல அமிலம் சுரக்கறதை நிறுத்திட்டு, வாரக்கணக்கா சாப்பிடாம இருந்து, கடைசியில வாய் வழியாக் குட்டித் தவளைகளை வெளிய விடும். விஞ்ஞானிகள் அதுக்குப் பேரு வச்சது 1973-ல. காட்டுல கடைசியாப் பார்த்தது 1981-ல. எட்டே வருஷம். அதே மாதிரி இன்னொரு இனத்தை 1984-ல கண்டுபிடிச்சாங்க, 1985-க்கு அப்புறம் யாரும் அதைப் பார்க்கல. வயித்து அமிலத்தை வேணும்ங்கறப்ப நிறுத்திக்கற ஒரு உயிர், அல்சருக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்திருக்குமோன்னு மருத்துவக்காரங்க இன்னும் புலம்பறாங்க.

அந்தக் கேள்விக்கு விடை 81. நான் அந்த 81-ஐ இடக்குறிப்புல போட்டேன், எக்செல்ல பச்சைக் கலர் அடிச்சேன், அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். ஒரு இனம் கடைசியாக் கண்ணுல பட்ட வருஷம், எனக்கு ஒரு ரெண்டு இலக்கம். அப்ப ஒண்ணும் தோணல. பின்னாடிதான் உறுத்துச்சு.

தொடர் வெளியான சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன். எட்டையும் ஒரே நாள்ல முடிக்கணும், முடிஞ்சா எல்லாத்துலயும் முதல் ஆளா. முந்தின நாள் ராத்திரி நல்ல மழை வேற. முதல் டப்பா ஒரு சதுப்பு நிலத்து ஓரம். ரெண்டாவது ஒரு ஓடைக்கரை. மூணாவதுதான் படுத்திடுச்சு. மணற்கல் பாறைச் சரிவு, மேல மரம் மூடியிருக்கு, போன்ல அம்புக்குறி குடிகாரன் மாதிரி ஆடுது. குறிப்புல "கல்லுக்கு அடியில்"னு மட்டும் இருக்கு. அங்க இருந்தது பூராவும் கல்லு!

பத்து மீட்டர் பிழைன்னா தேடற பரப்பு 314 சதுர மீட்டர். நம்ம கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணரை கிரவுண்டு. அந்த ஒண்ணரை கிரவுண்டுல முக்கா மணி நேரம் கல்லு கல்லாப் புரட்டினேன். இருவது கல்லாவது இருக்கும். சிலதைத் திருப்பி வச்சேன், சிலதை வைக்கல. அடியில என்ன இருந்துச்சுன்னு பார்க்கக் கூட இல்ல. நான் தேடினது பிளாஸ்டிக் டப்பா.

அந்த டப்பாவுக்கு வச்சிருந்த பேரு ரெட் கிரவுண்ட் டோட்லெட். கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு, தலையில சிவப்புல ஒரு கிரீடம் மாதிரி இருக்கும். சிட்னியைச் சுத்தியிருக்கற மணற்கல் பிரதேசத்தைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அது ஒளியற இடம் கல்லுக்கு அடியிலயும் ஈரச் சருகுக்கு அடியிலயும். முட்டையும் சருகுலதான் இடும், மழைத் தண்ணி வந்து தலைப்பிரட்டைகளை அடிச்சுட்டுப் போகணும். தோட்ட அலங்காரத்துக்குன்னு காட்டுக் கல்லை எடுத்துட்டுப் போறதை நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் உயிரினங்களுக்கு ஆபத்துன்னு சட்டத்துலயே பட்டியல் போட்டு வச்சிருக்கு. இதெல்லாம் அந்தத் தொடரோட குறிப்புலயும் அதுல இருந்து தாவிப் போய்ப் படிச்சதுலயும் நான் தெரிஞ்சுக்கிட்டதுதான். படிச்சுட்டுத்தான் போய்ப் புரட்டினேன்.

நாலாவது டப்பா எங்க ஆபீஸ் அண்ணா வீட்டுப் பக்கம். யாழ்ப்பாணத்துக்காரர், இங்க வந்து இருவத்தஞ்சு வருஷமாச்சு. அவங்க ஏரியாவுல ஓடையோரம் களை பிடுங்கி மரம் நடற தன்னார்வக் குழுவுல ஞாயித்துக்கிழமை தவறாமப் போறவர். "வாங்கண்ணா, ஒரு டப்பா எடுத்துட்டு டீ குடிக்கலாம்"னு போன் பண்ணியிருந்தேன். வந்தவர் குட் மார்னிங் கூடச் சொல்லல. என் காலையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"தம்பி, இந்தச் சப்பாத்தோடயே மூண்டு இடம் போயிட்டு வாறீரோ?"

"ஆமாண்ணா, செம சேறு."

"கழுவினனீரோ?"

நான் ஙேன்னு முழிச்சேன். வீட்டுக்குள்ள விடமாட்டார் போலன்னு நினைச்சு, "வெளியவே கழட்டிடறேண்ணா"ன்னு சொன்னேன். மனுஷன் தலையில கை வச்சுக்கிட்டார்.

அவர் சொன்னதையும் அப்புறம் நானே தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். கைட்ரிட்னு ஒரு பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாது, தண்ணியில நீந்தும், தவளைத் தோலைத் தாக்கும். தவளைக்குத் தோல்தான் பாதி நுரையீரல், தண்ணி குடிக்கறதும் தோல் வழியாத்தான், உடம்புல உப்புச் சமநிலையைப் பார்த்துக்கறதும் தோல்தான். அந்தத் தோல் கெட்டா இதயம் நின்னுடும். 2019-ல சயன்ஸ் இதழ்ல பென் ஷீல்ங்கற ஆஸ்திரேலிய விஞ்ஞானியும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டாங்க: இந்த நோயால உலகம் பூரா 501 வகை நீர்நில வாழ்விகள் குறைஞ்சு போச்சு, அதுல 90 வகை அழிஞ்சே போயிருக்கலாம். இரைப்பைத் தவளைகள் போனதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு பலரும் நினைக்கறாங்க. ஒரு குளத்துல இருந்து இன்னொரு குளத்துக்குப் போக இந்தப் பூஞ்சைக்கு ஈரம் இருந்தாப் போதும். ஈரச் சேறு ஒட்டின ஷூ தாராளமாப் போதும்.

தவளை ஆராய்ச்சிக்காரங்க ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போறப்ப ஷூவைத் தேய்ச்சு மண்ணு போகக் கழுவி, கிருமிநாசினி அடிச்சு, காய வச்சுட்டுத்தான் இறங்குவாங்க. அது அவங்களுக்கு எழுதப்பட்ட நடைமுறை. நாங்க என்ன பண்ணோம்? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருந்த ஈர நிலங்களை ஒரே நாள்ல ஒரே ஜோடி ஷூவால இணைக்கற மாதிரி ஒரு ஆட்டம் ஆடினோம். அதுவும் மழை பெஞ்ச மறுநாள், தவளையைக் காப்பாத்தணும்ங்கற தலைப்புல. நம்ம பாஷையில சொன்னா, வைரஸ் விழிப்புணர்வு வாரத்துக்கு ஒரே பென் டிரைவை எட்டு மெஷின்ல சொருகின கதை.

"சிட்னியில அந்தப் பூஞ்சை ஏற்கெனவே பரவித்தானே இருக்கு, உன் ஒருத்தன் ஷூவால என்ன ஆயிடும்?"னு இங்க ஒருத்தர் கேப்பீங்க. நியாயமான கேள்வி, நானும் அண்ணாகிட்ட அதையேதான் கேட்டேன். கிழக்குக் கரையில பரவலா இருக்கறது உண்மைதான். ஆனா எல்லாக் குளத்துலயும் எல்லாச் சமயத்துலயும் ஒரே அளவுல இருக்கறதில்ல. தப்பிச்சுக்கிட்டு இருக்கற இடம்தான் இப்ப முக்கியம். அது எதுன்னு நமக்குத் தெரியாதுங்கறப்ப எல்லாத்தையும் அப்படி நினைச்சு நடந்துக்கறதுதானே முறை? அண்ணா இவ்வளவு நீளமாப் பேசல. "தெரியாட்டி கழுவும்"னு ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டார்.

இனிமே என் கருத்து. அடிக்கறவங்க அடிக்கலாம்.

இந்த ஆட்டத்துல சிக்கல் ஷூ மட்டும் இல்ல. ஜியோகேச்சிங்கோட உயிரே இடக்குறிப்புலதான் இருக்கு. இடத்தை ஊருக்குச் சொல்லணும், ஆறு மீட்டரா நாலு மீட்டரான்னு துல்லியமாச் சொல்லணும். அழியப் போற உயிரைக் காக்கறவங்க இதுக்கு நேர் எதிரா நடந்துக்கறாங்க. 2017-ல அதே சயன்ஸ்ல டேவிட் லிண்டன்மேயரும், மேல சொன்ன பென் ஷீலும் சேர்ந்து, அரிய இனங்களோட இருப்பிடத்தை ஆராய்ச்சிக் கட்டுரையில கூடப் போடறதுக்கு முன்னாடி யோசிங்கன்னு எழுதினாங்க. திருடறவனுக்கும் வேடிக்கை பார்க்க வர்றவனுக்கும் அது வரைபடமாயிடுதுன்னு. விஞ்ஞானிகளே ஒளிக்கறதைப் பத்திப் பேசறப்ப, நாம அதே மாதிரி இடங்களுக்கு ஆட்டம் வச்சு ஆள் கூப்பிடறோம்.

ஆஸ்திரேலிய மியூசியம் 2017-ல ஃப்ராக் ஐடின்னு ஒரு செயலி கொண்டு வந்தாங்க. தவளை கத்தறதை போன்ல பதிவு பண்ணி அனுப்பினா, நிபுணர்கள் கேட்டு எந்தத் தவளைன்னு சொல்லுவாங்க. பத்து லட்சத்துக்கு மேல பதிவு சேர்ந்திருக்கு. தவளை தன் வாயால் கெடும்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். இங்க தன் வாயால பிழைக்க வழி பண்ணியிருக்காங்க. முக்கியமான விஷயம், ஆபத்துல இருக்கற இனங்களோட சரியான இடத்தைப் பொதுவுல காட்டறப்ப மங்கலாக்கிடுவாங்க. அனுப்பறவன் தவளையைத் தொட வேண்டாம், தேட வேண்டாம், பாதையில நின்னு போனை நீட்டினாப் போதும்.

இன்னொரு உதாரணமும் இந்த ஊர்லயே இருக்கு. ஒலிம்பிக் பார்க்ல ஒரு பழைய செங்கல் குழி. 1911-ல இருந்து 1988 வரைக்கும் அங்க மண்ணு வெட்டி செங்கல் போட்டாங்க, சிட்னியில பாதி வீட்டுச் சுவர் அந்த மண்ணுதான்னு சொல்லலாம். 2000 ஒலிம்பிக்ஸுக்கு டென்னிஸ் அரங்கம் அங்கதான் வர்றதா இருந்துச்சு. 1992-ல போய்ப் பார்த்தா, குழிக்குள்ள தேங்கின தண்ணியில கிரீன் அண்ட் கோல்டன் பெல் ஃப்ராக் குடும்பம் குட்டியோட குடியிருக்கு. பச்சையும் தங்கமும், ஆஸ்திரேலிய அணி ஜெர்சி கலர்லயே! ஒரு காலத்துல காலேஜ் லேப்ல அறுத்துப் பார்க்கற அளவுக்கு மலிஞ்சு கிடந்த தவளை, இன்னிக்கு இருந்த பரப்புல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல காணோம். டென்னிஸ் அரங்கத்தை வேற இடத்துக்கு மாத்தினாங்க. இப்ப குழிக்கு மேல 18.5 மீட்டர் உயரத்துல வட்டமா ஒரு நடைபாதை, 550 மீட்டர் சுத்து. மேல நடக்கலாம், எட்டிப் பார்க்கலாம், பதிவு பண்ணின சத்தத்தைக் கேக்கலாம். பைக் கியர் மாத்தற மாதிரியே இருக்கும், கேட்டுப் பாருங்க. கீழ மட்டும் இறங்க முடியாது. நான் மூணு தடவை போயிருக்கேன், ஒரு தவளையையும் பார்த்ததில்ல. ஆனா அந்தத் தவளையைப் பத்தித்தான் எனக்கு நிறையத் தெரியும்.

(இதே தவளையை 1860-கள்ல நியூஸிலாந்துக்குக் கொண்டு போய் விட்டாங்க. அங்க வடக்குப் பக்கம் சௌக்கியமா இருக்கு. சொந்த ஊர்ல பிழைக்க முடியாம வெளிநாட்டுல செட்டில் ஆனது நம்மாளுங்க மட்டும் இல்ல :))

தவளைப் பேர்ல ஆட்டமே வேண்டாம்னு நான் சொல்லல. அந்தத் தொடர் இல்லைன்னா எனக்கு இந்தப் பேரெல்லாம் தெரிஞ்சிருக்காது, இந்தப் பதிவும் வந்திருக்காது. டப்பாவைத் தவளை இருக்கற மாதிரி இடத்துல வைக்கறதுதான் வேண்டாம்ங்கறேன். லைப்ரரி சுவரோரம் வைங்க, பஸ் ஸ்டாப்ல வைங்க, கார் பார்க்கிங் வேலியில வைங்க. தவளைச் சத்தத்தைக் கேட்டு விடை கண்டுபிடிக்கற மாதிரி வைங்க. 2024-ல மக்குவாரி பல்கலைக்கழகத்து ஆண்டனி வாடில் குழு, ஓட்டை செங்கல்லுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு ஒரு குட்டிக் கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள அடுக்கி, தவளைக்கு வெந்நீர்க் குளியல் மாதிரி சூட்டுக் குளியல் கொடுத்தா அந்தப் பூஞ்சையில இருந்து மீளுதுன்னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. இதே பெல் ஃப்ராக்தான். அந்தச் செங்கல்லு ஹார்டுவேர் கடையில கிடைக்கும். அந்தக் கடை வாசல்ல ஒரு டப்பா வைங்கய்யா, நான் வரிசையில நின்னு எடுக்கறேன்.

தொடர் வச்சவருக்கு மெயில் போட்டேன். திட்டு விழும்னு நினைச்சேன், விழல. கல்லுக்கு அடியில இருந்த டப்பாவை எடுத்து மேல கார் நிறுத்தற இடத்து வேலிக்கு மாத்திட்டார். ஷூ கழுவச் சொல்லி எல்லாப் பக்கத்துலயும் ஒரு வரி சேர்த்தார். சதுப்பு நிலத்து டப்பாவை மட்டும் மாத்த மாட்டேன்னுட்டார். அது எல்லாரும் நாய் கூட்டிக்கிட்டுப் போற பாதைதானே, நான் வைக்கலைன்னாலும் நடக்கத்தான் போறாங்கன்னு அவர் கட்சி. பாதையில நடக்கறவன் பாதையிலதான் நடப்பான், டப்பா தேடறவன் பாதையை விட்டு இறங்குவான்னு என் கட்சி. மூணு மெயில் போயி வந்தாச்சு, ரெண்டு பேரும் அப்படியே நிக்கறோம்.

அன்னிக்கு நாலாவது டப்பாவை எடுக்கல. அண்ணா வீட்டுப் பின்வாசல்ல, பழைய டூத் பிரஷ்ஷை வச்சு ஷூவோட அடியைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பள்ளத்துல இருந்து மண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு, மூணு இடத்து மண்ணு, மூணு கலர். அடுத்த நாள் அந்தப் பாறைச் சரிவுக்குப் போய்க் கல்லையெல்லாம் திருப்பி வைக்கலாமான்னு கேட்டேன். "எது எங்க இருந்ததெண்டு உமக்கு ஞாபகம் இருக்கோ?"ன்னார். இல்ல. "அப்ப விடும். இன்னொருக்கா மிதிச்சுப் போடாதையும்"னு டீயைக் கையில கொடுத்தார்.

பி.கு: எங்க பாட்டி சொறித்தவளை, தேரை, மணல்தவளைன்னு தனித்தனியாச் சொல்லுவாங்க. எனக்கு அதுல எது எதுன்னு அடையாளம் தெரியாது. உங்க ஊர்ல என்னென்ன பேரு, எது எப்படிக் கத்தும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க :)